மருந்துக்கு மசியாத கட்டி

(தேவகோட்டையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கண்கட்டி, நகச்சுற்று, வேனற்கட்டி, ராஜபிளவை ஆகிய நான்கும் தமிழில் நான்கு நோய்கள். நுண்ணோக்கியின் கீழே பெரும்பாலும் ஒரே கிருமி. இமை ஓரத்து மயிர்க்காலில் புகுந்தால் கண்கட்டி. நகக்கண்ணில் புகுந்தால் நகச்சுற்று; விரல் நுனியில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நடப்பவரை எந்த ஊர்த் தெருவிலும் பார்க்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளைகளின் தலையிலும் தொடையிலும் கிளம்புவது வேனற்கட்டி. சர்க்கரை உள்ள முதியவரின் பிடரியிலோ முதுகிலோ பல கண் வைத்துப் புறப்படுவது ராஜபிளவை. இன்சுலினும் ஆன்டிபயாடிக்கும் வராத காலத்தில் ஆளையே கொண்டுபோன கட்டி அது. கிருமியின் முழுப்பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மருத்துவமனைப் பேச்சில் வெறும் ‘ஸ்டாஃப்’.

பெயரின் முற்பகுதியை வைத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். 1880வாக்கில் அவர் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உருண்டைகள் திராட்சைக் கொத்தைப்போலத் தெரிந்தன. கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்துக்கு ‘ஸ்டாஃபிலே’ என்று பெயர். 1884இல் ஜெர்மானியரான ரோசன்பாக், வளர்ப்புத் தட்டில் பொன்னிறமாகத் திரண்ட வகையைப் பிரித்து ‘ஆரியஸ்’ என்றார்; லத்தீனில் பொன்னிறம் என்று பொருள். ஆரியருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கினுள் இந்தக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அக்குள், தொடையிடுக்கு, தொண்டை ஆகியவையும் அதற்குத் தோதான இடங்கள். தோல் கிழிந்தால், சவரக்கத்தி கீறினால், ஊசிக்குழாய் நாள்கணக்கில் நரம்பில் இருந்தால், சர்க்கரையில் உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தால் உள்ளே இறங்குகிறது. பெரும்பாலும் ஒரு கட்டியோடு முடிந்துவிடும். சில வேளை ரத்தத்தில் கலந்து எலும்பையும் நுரையீரலையும் இதய வால்வையும் பிடிக்கும். 2023இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் 14.4 விழுக்காடு. இந்தக் கிருமிக்கு இங்கே திறந்த கதவுகள் நிறைய.

எதிர்ப்பு வந்த வழி

1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சணம் விழுந்து அழித்தது இந்த ஸ்டாஃப் கிருமிகளைத்தான். பெனிசிலின் பிறந்தது ஸ்டாஃப் தட்டில் என்பதால், இரண்டின் வரலாறும் பிரிக்க முடியாதது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு காவலருக்கு அந்த மருந்து முதன்முறையாக முறைப்படி செலுத்தப்பட்டது. முகமெல்லாம் சீழ் பிடித்து ஒரு கண்ணை இழந்திருந்த அவர் நான்கைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள், அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதம் இறந்துபோனார். அரைகுறையாக நின்ற ஆன்டிபயாடிக் என்ன செய்யும் என்பதற்கு முதல் நோயாளியே சாட்சி ஆனார்.

நாற்பதுகளின் கடைசியில் பல மருத்துவமனைகளில் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் ஸ்டாஃப் பெருகிவிட்டது. அந்த நொதியால் சிதைக்க முடியாதபடி வடிவமைத்த மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இல் பாட்ரிசியா ஜெவன்ஸ் இங்கிலாந்தில் அதற்கும் மசியாத கிருமிகளைப் பற்றி எழுதினார். மெத்திசிலின்-எதிர்ப்பு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே எம்.ஆர்.எஸ்.ஏ. மெத்திசிலின் என்ற மருந்து இன்று புழக்கத்திலேயே இல்லை. பெயர் மட்டும் நோயோடு ஒட்டிக்கொண்டது. பழைய கிருமிகளின் மரபணுவைப் படித்து 2017இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இந்த எதிர்ப்பு 1940களின் நடுவிலேயே, மெத்திசிலின் பிறப்பதற்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு முன்பே, தோன்றிவிட்டது. பெனிசிலினைத் தாராளமாக வாரியிறைத்ததே அதற்கு வழி திறந்தது. புது மருந்து வந்தபோது அதை வெல்லும் கிருமி முன்கூட்டியே தயாராக இருந்தது.

அது தப்பிக்கும் விதம் கட்டட வேலையைப் போன்றது. கிருமி ஒவ்வொரு முறை பிளவுபடும்போதும் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும். அதற்குக் கொத்தனார்களைப்போல வேலை செய்யும் புரதங்கள் உண்டு. பெனிசிலின் வகை மருந்துகள் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. சுவர் அரைகுறையாக நின்று கிருமி வெடித்துச் சாகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியிடம் ‘மெக்-ஏ’ என்ற மரபணு இருக்கிறது. மருந்தின் பிடிக்கு அகப்படாத இன்னொரு கொத்தனாரை அது கொண்டுவருகிறது. ஆகவே அமாக்ஸிசிலின், கிளாவுலனேட் சேர்ந்த அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி என்று அந்தக் குடும்பத்து மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அடியில் பயனற்றுப்போகின்றன. மருந்துக் கடையில் ‘இதைவிடப் பவர் கூடுனது’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அதே குடும்பத்து இன்னொரு பெயர். கூடியது விலை மட்டுமே.

இந்தியாவில் 2008, 2009 ஆண்டுகளில் 15 பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 26,310 ஸ்டாஃப் மாதிரிகளைச் சோதித்தன. முதலாண்டு 42 விழுக்காடும் அடுத்த ஆண்டு 40 விழுக்காடும் எம்.ஆர்.எஸ்.ஏ.வாக இருந்தன. ஐ.சி.எம்.ஆர். 2013இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் அண்மை அறிக்கைகளிலும் பத்தில் நான்குக்குக் குறையவில்லை. இவை பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த நோயாளிகளின் எண்கள். தெருவில் நடப்போரில் பத்துக்கு நால்வர் என்று பொருளில்லை. உலக அளவில் 2019இல் எம்.ஆர்.எஸ்.ஏ.வின் மருந்தெதிர்ப்பால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக ‘லான்செட்’ 2022இல் கணக்கிட்டது.

மருத்துவமனைக்குப் போகாத ஆளுக்கும் வருவது ஏன் என்பது அடிக்கடி எழும் கேள்வி. ‘வங்கக்கடல் வகை’ என்று அறிவியலார் பெயரிட்ட ஓர் எம்.ஆர்.எஸ்.ஏ. பரம்பரை உண்டு. வங்கதேசத்திலும் இந்தியாவிலும் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2019இல் வந்த மரபணு ஆய்வின்படி 1960களில் இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றி, 1990களில் பல மருந்துகளுக்கு எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டு, ஊருக்குள் பரவி, பின்னர் பயணிகளோடு உலகம் சுற்றியது. துணைக்கண்டத்திலுள்ள உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் வழியாக வெளிநாட்டு வீடுகளுக்குள் அது புகுந்ததையும் அந்த ஆய்வு காட்டுகிறது. ஒரு காலைத் தேவகோட்டையிலும் மறுகாலைக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கிருமியும் உறவு வழியேதான் போகிறது.

கல்ச்சர் தாள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய வீடு. எழுபதைத் தொடும் அய்யாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. பிடரியில் ஒரு பரு. மூன்றாம் நாள் எலுமிச்சை அளவு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார்கள். ஐந்தாம் நாள் மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை வாங்கினார்கள். காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. எட்டாம் நாள் கட்டி நாலைந்து கண்ணாகத் திறந்தது. ஒன்பதாம் நாள் மருத்துவமனை.

இதில் ஒத்தடம் மட்டும் கொடுத்திருந்தால் தவறில்லை. வெந்நீர் ஒத்தடத்தால் சிறு கட்டி தானே பழுத்து உடையும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். பிளேடால் கீறுவதும் விரலால் பிதுக்குவதும் சீழை உள்நோக்கித் தள்ளும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள கட்டியைப் பிதுக்கவே கூடாது, அங்கிருந்து போகும் ரத்தக்குழாய்கள் மூளையின் அடிப்பகுதிவரை செல்கின்றன. ஆனால் அந்த வீட்டின் பெரிய நட்டம் மூன்று நாள் மாத்திரை. காய்ச்சலை அடக்கி நாளைக் கடத்தியதோடு, மாத்திரைக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது.

மருத்துவமனையில் முதல் வேலை கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவது. சீழ்ப் பைக்குள் எந்த மருந்தும் ஒழுங்காகப் போய்ச் சேராது. சிறு கட்டிகளுக்கு இந்தக் கீறல் மட்டுமே போதுமானதாகவும் இருக்கும். இரண்டாவது, அந்தச் சீழில் ஒரு துளியை ஆய்வகத்துக்கு அனுப்புவது. இது கேட்டு வாங்க வேண்டிய சோதனை. முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான ஆய்வகம் உண்டு. 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இப்பகுதிக்கு அண்மையானவை.

கிருமி வளர ஒரு நாள், எதற்கு அடங்குகிறது என்று பார்க்க இன்னும் ஒரு நாள். முடிவைச் சொல்லும் கல்ச்சர் தாள் கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆய்வகத்தில் நடப்பது எளிய வேலை. தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். செஃபாக்ஸிட்டின் வில்லையைச் சுற்றிய வட்டத்தின் விட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. தாளில் ‘எஸ்’ என்றால் மருந்துக்குக் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. தாளைக் கண்டதும் வரிசையாக ‘ஆர்’ பார்த்துக் குடும்பம் இடிந்து உட்காருவது வழக்கம். பார்க்க வேண்டியது ‘எஸ்’ எத்தனை என்பதை.

பெரும்பாலும் சில ‘எஸ்’ இருக்கும். தோலோடு நின்ற நோய்க்குக் கோட்ரைமாக்ஸசோல், டாக்ஸிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற பழைய, மலிவான மாத்திரைகளே போதலாம். மோசமான நோய்க்கு வான்கோமைசின். 1950களில் போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரி தந்த மருந்து. தொடக்கத்தில் சரியாகச் சுத்திகரிக்காமல் பழுப்பாக இருந்ததால் ‘மிசிசிப்பிச் சேறு’ என்று கேலிப்பெயர் வாங்கியது, 1958 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வாய்வழி கொடுத்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது என்பதால் நரம்பில்தான் ஏற்ற வேண்டும். ஒரு கிராம் ஏற்றக் குறைந்தது ஒரு மணி நேரம். ‘டிரிப்ஸ் மெதுவா இறங்குது’ என்று உருளையைத் திருகிவிடும் உதவியாளர் நோயாளியின் உடம்பைச் சிவக்க வைத்து ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடுகிறார். சிறுநீரகத்தையும் நடுநடுவே சோதிக்க வேண்டும். லினெசோலிட் மாத்திரையாகவே வேலை செய்யும்; இரண்டு வாரத்தைத் தாண்டினால் ரத்த அணுக்கள் குறையக்கூடும் என்பதால் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை தேவை.

நாள் கணக்கு நோயின் ஆழத்தைப் பொறுத்தது. தோலோடு நின்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். ரத்தத்தில் கலந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம், சிக்கலானால் நான்கு முதல் ஆறு. எலும்பில் இறங்கியிருந்தால் எட்டு வாரத்துக்குக் குறையாது. ‘நல்லாத்தான இருக்காக, இன்னும் எதுக்கு ஊசி’ என்ற கேள்வி பத்தாம் நாள் எழும். 1941இன் காவலரும் ஐந்தாம் நாள் நன்றாகத்தான் இருந்தார்.

வீடு திரும்பிய பிறகு

பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளிக்குத் தனி அறை. உள்ளே வருவோர் கையுறையும் மேலங்கியும் அணிகிறார்கள். அதைப் பார்த்த குடும்பம் வீட்டிலும் அப்படியே செய்ய முயல்கிறது: அய்யாவுக்கு இரண்டாங்கட்டில் மூலையறை, தனித் தட்டு, தனித் தம்ளர், பேரப்பிள்ளைகளுக்குத் தடை. அம்மைக்கும் தீட்டுக்கும் விலகி இருந்து பழகிய வீடுகளுக்கு இது கைவந்த கலை. இங்கே அது தவறு. மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் வயிறு கிழித்துத் தைத்தவர் படுத்திருக்கிறார். ஒரே செவிலியர் இருபது பேரைத் தொடுகிறார். எங்கும் ஊசிக்குழாயும் சிறுநீர்க்குழாயும். தனியறை அதற்காக. வீட்டில் தோல் முழுசாக இருக்கும் மனிதர்களே பெரும்பாலோர்.

விலக்க வேண்டியது பொருள்களை. ஆளை விலக்க வேண்டியதில்லை. துண்டு, சவரக்கத்தி, நகவெட்டி, சீப்பு, சோப்புக் கட்டி, விரிப்பு ஆகியவை அவருக்குத் தனி. குளியலறைக் கொடியில் தொங்கும் ஒரே ஈரத்துண்டில் அப்பச்சி முகம் துடைக்க, அதிலேயே பிள்ளை கை துடைக்க, அதுவே அய்யாவின் பிடரிக்கும் போவதுதான் இந்த நோயின் ராஜபாட்டை. சோப்புக் கட்டிக்குப் பதில் அமுக்கி எடுக்கும் திரவ சோப்பு நல்லது. தட்டு, தம்ளர், உணவு ஆகியவற்றால் இது பரவுவதில்லை. வழக்கம்போல விளக்கினால் போதும். ஒரே ஒரு விதிவிலக்கு சமையல். கையில் நகச்சுற்றோ சீழ்ப்புண்ணோ உள்ளவர் சமைக்கவும் பரிமாறவும் கூடாது. உணவில் ஸ்டாஃப் பெருகினால் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது; சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. கல்யாணச் சமையலுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் சமையல்காரரின் விரல்களை ஒருமுறை பார்ப்பது வீட்டாருக்கு நல்லது.

புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அன்றாட வேலைகளில் முக்கியமானது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களில் ஒருவர் தலையில் விழும். ஆச்சி ஒருவரே மூன்று மாதம் தொடர்ந்து செய்வதும் உண்டு. முறை இதுதான். முதலில் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் விட்டுப்போகாமல் இருபது விநாடி கை கழுவுதல். வளையலை மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கையுறை போட்டுப் பழைய கட்டை ஓரத்திலிருந்து பிரித்தல். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஊற வைத்தல். அதை நேராக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்து அதே பைக்குள் போட்டு, மறுபடி கை கழுவி, புதுக் கையுறையோடு புதுக் கட்டு. பஞ்சைப் புண்ணின்மேல் நேராக வைத்தால் நார் ஒட்டும். மருத்துவமனை தரும் வலைத்துணிதான் சரி. கட்டு முழுப் புண்ணையும் மூடி ஒரு விரற்கடை வெளியேயும் இருக்க வேண்டும், சீழ் ஊறி நனைந்தால் நேரம் பார்க்காமல் மாற்ற வேண்டும். பையின் வாயை முடிந்து இன்னொரு பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்பலாம். முற்றத்தில் திறந்து போட்ட கட்டுத்துணியைக் காக்கை தூக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது பை ஏன் என்று விளங்கும்.

புண் மூடியிருந்து, கட்டு நனையாமல் இருந்தால் அவர் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கும் போகலாம். நலம் விசாரிக்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. போகும்போது கை கழுவச் சொன்னால் போதும். சொல்லக் கூச்சமாக இருந்தால் திண்ணையோரம் ஒரு குழாயும் சோப்பும் வைத்துவிடலாம். தள்ளி இருக்க வேண்டியோர் சிலர் உண்டு: பிறந்த குழந்தை, டயாலிசிஸ் செய்துகொள்வோர், புற்றுநோய் மருந்து எடுப்போர், உடம்பில் திறந்த புண்ணோ கரப்பானோ உள்ளவர். அவர்கள் புண்ணைத் தொடாமலும் அவருடைய படுக்கையைப் பகிராமலும் இருந்தால் சரி.

துணிகளை வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுவது போதுமானது. தேவகோட்டை வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. உலர்ந்த பரப்பில் இந்தக் கிருமி நாள்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். ஆனால் தினம் இருவேளை தரைக்கு ஃபினாயில் ஊற்றுவதில் செலவழியும் சக்தியைக் கதவுக் கைப்பிடி, சுவிட்சு, ஊன்றுகோல், செல்போன், நாற்காலிக் கைகள் பக்கம் திருப்பலாம். தரையை யாரும் மூக்கில் வைப்பதில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் தப்பு ஏதும் செய்யவில்லை.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புண் உள்ளவருக்கு முட்டை, மீன், கோழி, கத்தரிக்காய் எதையும் கண்ணில் காட்டாமல் இரசமும் சோறுமாகப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. சீழ் வைத்த புண் மூடப் புரதம் வேண்டும். முட்டையோ மீனோ பருப்போ கூடுதலாகத் தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். இரசமும் சோறும் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் எந்த ‘எஸ்’ மருந்தும் பாதி வேலைதான் செய்யும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது. வருபவரிடம் புண்ணைக் காட்டலாம், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒளிப்பது உண்மையில் நடக்கிறது. ‘மருந்துக்கே கட்டுப்படாத நோய்’ என்ற சொல் தெருவில் போனால் பெண் பார்க்க வருபவர்கள்வரை அது எட்டும் என்ற பயம். வீட்டுக்குள் இன்னொன்று: இது யார் மூலமாக வந்தது என்ற விசாரணை. மருமகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்தா, பேரன் விளையாடப் போன இடத்திலிருந்தா? பதில் கிடைக்காத விசாரணை இது. கிருமி பல மாதம் மூக்கில் சும்மா இருந்துவிட்டுத் தோல் கிழிந்த அன்று வெளிப்பட்டிருக்கலாம். கவனித்துக்கொள்பவரின் களைப்பைக் கணக்கில் எடுப்பவர் குறைவு. கட்டு மாற்றவும் மருந்துக்குப் பதில் சொல்லவும் குறைந்தது இரண்டு பேர் பழகிக்கொண்டால் ஒருவர் ஒரு நாளாவது ஊருக்குப் போய்வரலாம். குளிரோடு காய்ச்சல், சிவப்பு பரவுதல், மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் அல்லது தெளிவின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் காலைவரை பார்க்கலாம் என்ற முடிவை இரவில் தனியாக எடுக்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கக் கூடாது.

மறுபடி வந்தால்

ஆறிய பிறகு இரண்டு மாதத்தில் இன்னொரு கட்டி. இந்த முறை பேரனுக்குத் தொடையில். குடும்பம் தளர்வது இங்கேதான். மருத்துவம் தவறிவிட்டதென்று ஆளை மாற்றுவதும் ஊரை மாற்றுவதும் தொடங்கும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டாஃப் கட்டி வந்த பிள்ளைகளை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. ஒரு பிரிவில் நோயுற்ற பிள்ளைக்கு மட்டும் ஐந்து நாள் கிருமி நீக்கம்; இன்னொரு பிரிவில் அதே சிகிச்சை வீட்டிலுள்ள அனைவருக்கும். ஓராண்டுக்குள் மறுபடி கட்டி வந்த பிள்ளைகள் முதல் பிரிவில் 72 விழுக்காடு, இரண்டாவதில் 52. வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் உடம்பிலிருந்து கிருமி முற்றாக ஒழிந்ததில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டி மட்டும் குறைந்தது. வீடு முழுவதும் சேர்ந்து செய்தாலும் பாதிப் பேருக்குத் திரும்பியது என்பதையும் மறைக்கக் கூடாது.

கிருமி நீக்கம் என்பது முப்பிரோசின் களிம்பை நாளுக்கு இரண்டு முறை மூக்குத் துவாரத்தின் உட்புறம் தடவுவதும், குளோர்ஹெக்ஸிடின் திரவத்தால் கழுத்துக்குக் கீழே குளிப்பதும், ஐந்து நாள். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய எம்.ஆர்.எஸ்.ஏ. நோயாளிகள் 2,121 பேரில் ஒரு பிரிவினரிடம் இதை மாதம் இருமுறை வீதம் ஆறு மாதம் செய்துபார்த்தது; அவர்களுக்கு ஓராண்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. நோய் வரும் அபாயம் மற்றப் பிரிவைவிட 30 விழுக்காடு குறைந்தது. ஒரே ஒரு கட்டி வந்தவருக்கு இது தேவையில்லை. மறுபடி மறுபடி வரும் வீட்டில், கட்டிகள் எல்லாம் ஆறியிருக்கும் சமயம் பார்த்து, எல்லாரும் ஒரே ஐந்து நாளில், மருத்துவர் சொல்லிச் செய்ய வேண்டும். அதே ஐந்து நாளில் துண்டும் விரிப்பும் தினம் மாற வேண்டும். இல்லாவிட்டால் மூக்கிலிருந்து விரட்டியது தலையணையிலிருந்து திரும்பும். களிம்பைச் சேற்றுப்புண்ணுக்கும் வண்டு கடிக்கும் கண்டபடி தடவினால் அதற்கும் எதிர்ப்பு வரும், வந்தும் இருக்கிறது.

கடை, சட்டம், பெட்டகம்

2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு வழிவரைபடம் வகுத்தன. அது ‘சென்னைப் பிரகடனம்’ என்று உலக அளவில் பெயர் பெற்றது. அதை முன்னின்று ஒருங்கிணைத்தவர் சென்னைத் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் 1 முதல் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 46 மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016இல் மத்திய அரசு செங்கோட்டு இயக்கத்தைத் தொடங்கியது: மாத்திரை அட்டையின் பின்புறம் இடப்பக்கம் ஓடும் சிவப்புக் கோடு, சீட்டில்லாமல் வாங்காதே என்பதற்கு அடையாளம். கேரளம் 2018இல் தனக்கென மாநிலச் செயல்திட்டமே வகுத்தது. கோடு இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. ‘மூன்று நாள் மாத்திரை’ இன்னும் கிடைக்கிறது. கேட்பவர் இருக்கும்வரை கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அய்யாவுக்கு மிஞ்சிய நாலு மாத்திரையைப் பேரனுக்குக் கொடுத்த வீட்டில் பதிவேடு எதுவும் இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் பத்திரமும் நகையும் ஐந்தொகைக் கணக்கும் பெட்டகத்தில் இருக்கும். கல்ச்சர் தாளும் அங்கே இருக்க வேண்டியது. செல்போனில் படம் எடுத்து வைத்தாலும் நல்லது. ஆறி நாலு வருடம் ஆகியிருக்கலாம். கண்புரை அறுவைக்கோ மூட்டு மாற்றவோ பல் பிடுங்கவோ அய்யா எந்த மருத்துவரிடம் போனாலும், சர்க்கரை எத்தனை என்று அவர் கேட்பதற்கு முன் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்து, இன்ன ஆண்டு இவருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.